துணி முதலில், வடிவம் பிறகு: ஜீஸ் பெண்ட் ஒட்டுப்போர்வைகளின் துணிக் கணக்கு

குயில்ட், அதாவது துண்டுத் துணிகளை இணைத்த மேல்பக்கம், நடுவில் பஞ்சு, அடியில் ஒரு துணி என்று அடுக்கித் தைக்கும் ஒட்டுப்போர்வை, தைக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு படத்தைப் பார்த்துத்தான் தொடங்குகிறார்கள். நட்சத்திரமோ கூடையோ ஏதோ ஒரு வடிவம் பிடித்துப்போகிறது. அதற்கு இந்த நீலத்தில் இரண்டு மீட்டர், அந்தப் பூப்போட்டதில் ஒரு மீட்டர் என்று பட்டியல் போடுகிறார்கள். கடையில் விலையைக் கேட்டதும் மலைத்து நிற்கிறார்கள். "மலிவாகத் துணி எங்கே கிடைக்கும்?" என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது. என்னைக் கேட்டால், அதற்குள் நேரம் கடந்துவிட்டது என்பேன். பட்டியல் போட்டபோதே செலவு முடிவாகிவிட்டது. அதன்பின் எத்தனை கடை ஏறி இறங்கினாலும் மிச்சமாவது கொஞ்சம்தான்.

இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் என்ன நடக்கும் என்று பார்க்க ஓர் ஊரின் அனுபவம் இருக்கிறது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட். அங்கத்திய கறுப்பினப் பெண்கள் தைத்த போர்வைகள் 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் சுவரில் தொங்கின. 2006-இல் அவற்றில் பத்து, அமெரிக்க அஞ்சல்தலைகளாகவும் வந்தன. அவற்றின் நிறத்தையும் அமைப்பையும் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். நான் இங்கே பார்க்க நினைப்பது வேறு: கையில் காசு இல்லாத அந்த வீடுகளுக்கு இத்தனை துணி எங்கிருந்து வந்தது, வந்த துணி வடிவத்தை என்ன செய்தது?

ஊரின் நிலை

அலபாமா ஆறு பெரிதாக வளைந்து திரும்பும் இடத்தில், மூன்று பக்கமும் நீர் சூழ இருக்கிறது ஜீஸ் பெண்ட். 1816-இல் ஜோசப் ஜீ என்பவர் அடிமைகளைக் கொண்டுவந்து அங்கே பருத்திப் பண்ணை அமைத்தார். 1845-இல் பண்ணை மார்க் பெட்வே கைக்கு மாறியது. அடிமைப்பட்டிருந்த குடும்பங்களுக்கும் அவர் பெயரே ஒட்டிக்கொண்டது. ஊரில் பலருக்கும் இன்றுவரை பெட்வே என்றுதான் குடும்பப் பெயர். விடுதலைக்குப் பிறகு அதே நிலத்தில், விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரக் குத்தகைக்கு உழுதார்கள். விதைக்கும் உணவுக்கும் வியாபாரியிடம் கடன்.

1932-இல் அப்படிக் கடன் கொடுத்துவந்த வியாபாரி ஒருவர் இறந்தார். நிலுவைக்கு ஈடாக அவர் குடும்பத்தார் மாடு, கலப்பை, சேமித்து வைத்திருந்த தானியம் வரை எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தக் குளிர்காலத்தைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் உணவை வைத்துத்தான் பலர் கடந்தார்கள். 1930-களின் பிற்பகுதியில் மத்திய அரசு நிலத்தை வாங்கி, குறைந்த வட்டிக் கடனில் குடும்பங்களுக்கே விற்று, புதிய மரவீடுகள் கட்ட வழி செய்தது. அதற்கு முன்பு இருந்தவை இடுக்குகளில் காற்று நுழையும் மரக்கட்டை வீடுகள். காற்றைத் தடுக்கச் சுவரில் செய்தித்தாளும் பத்திரிகைத் தாளும் ஒட்டுவார்கள். அத்தகைய வீட்டில் ஆளுக்கொரு போர்வை போதாது. கீழே விரிக்க, மேலே அடுக்கிப் போர்த்த என்று ஒரு குடும்பத்துக்கே பல வேண்டும்.

பருத்தி விளைவித்தவர்களுக்குத் துணிப் பஞ்சம் என்பதையும் கவனிக்க வேண்டும். வயலில் எடுத்த பருத்தி அரவைக்குப் போய்க் கடனில் கழிந்தது. துணியாகத் திரும்பி வந்தபோது அதற்கு ரொக்கம் கொடுக்க வேண்டியிருந்தது. கடைகள் இருந்த கேம்டன் என்ற ஊர் ஆற்றுக்கு அக்கரையில். 1962-இல் கறுப்பின மக்கள் வாக்காளராகப் பதிவுசெய்வதைத் தடுக்கும் விதமாகப் படகுப் போக்குவரத்தும் நிறுத்தப்பட்டது. எதிரே தெரிகிற ஊருக்குச் சாலை வழியே சுற்றிக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் போக வேண்டியதாயிற்று. படகு மறுபடி ஓடியது 2006-இல்.

ஆக, கடைத்துணி அங்கே அரிது. வீட்டில் ஏற்கெனவே இருந்ததுதான் கையிருப்பு.

உழைத்த உடுப்பு

முதல் கையிருப்பு, வயலில் உழைத்துக் கிழிந்த உடுப்புகள். டெனிம் காற்சட்டை, மார்புவரை வரும் ஓவரால், முரட்டுப் பருத்திச் சட்டை. 1942-இல் மிசூரி பெட்வே என்ற பெண் கணவர் நத்தானியல் இறந்த பிறகு அவருடைய வேலை உடுப்புகளைப் பிரித்து ஒரு போர்வை தைத்தார். அவரை நினைத்துக்கொள்ளவும், அதற்கடியில் படுத்துக்கொள்ளவும் தாய் அதைத் தைத்தார் என்று மகள் ஆர்லோன்சியா பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தக் கதையைத் தொட்டுப் பேசுகிறவர்கள் துக்கத்தோடு நின்றுவிடுகிறார்கள். தையல்காரியின் கண்ணோடு பார்த்தால் அதற்குள் ஒரு துணி அறிவும் இருக்கிறது.

காற்சட்டை எங்கெல்லாம் தேயும்? முழங்கால், உட்காரும் இடம், தொடைகள் உரசும் உள்பக்கம், கீழ் மடிப்பு. தேயாதது கெண்டைக்காலின் பின்பக்கமும், தொடையின் வெளிப்பக்கமும், பைக்கு அடியில் மறைந்த பகுதியும். கால் தையலை நெடுகப் பிரித்து விரித்துவிட்டு, தேய்ந்ததை வெட்டி எறிந்தால் கையில் எஞ்சுவது நீளமான, குறுகலான பட்டைகள். இதிலிருந்து சின்ன முக்கோணம் வெட்டி நட்சத்திரம் செய்யலாம்தான். ஆனால் டெனிமில் முக்கோண முனைகள் சந்திக்கும் இடத்தில் தையல் மடிப்புகள் குவிந்து ஊசி இறங்காது. பட்டையைப் பட்டையாகவே வைத்துக்கொள்வதுதான் துணிக்கும் கைக்கும் நல்லது. ஜீஸ் பெண்ட் போர்வைகளில் பலவற்றில் நீளப் பட்டைகள் அடுத்தடுத்து நிற்பதற்கு இதைவிட எளிய விளக்கம் வேண்டியதில்லை. உரித்தெடுத்த பை இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் அடர்நீலமாக நிற்கும். அதை மறைக்க அவர்கள் மெனக்கெடவில்லை. இன்று பார்க்கிறவர்கள் வியப்பது அந்த நீலத்தைத்தான்.

இந்த முறையை இன்று பின்பற்ற நினைப்பவர் எடையைக் கணக்கில் வைக்க வேண்டும். சதுர மீட்டருக்கு வழக்கமான குயில்ட் பருத்தி ஏறக்குறைய 140 முதல் 150 கிராம். கனத்த ஜீன்ஸ் டெனிம் 400 கிராம் அளவுக்குப் போகும். ஒன்றரை மீட்டருக்கு இரண்டு மீட்டர் போர்வையின் மேல்பக்கம் மட்டும் டெனிமில் 1.2 கிலோ வரும், தையல் மடிப்பைச் சேர்க்காமலே. நனைந்தால் தூக்க முடியாது. டெனிமுக்கு நடுவே பஞ்சே வேண்டாம்; மெல்லிய அடித்துணியும், ஆங்காங்கே நூலால் முடிச்சுப் போட்டுப் பிணைப்பதும் போதும். டெனிமையும் மெல்லிய சட்டைத் துணியையும் ஒரே தையலில் இணைப்பதும் சிக்கல்தான். கனத்தது அசையாது, மெல்லியது சில ஆண்டுகளில் தையல் ஓரத்தில் கிழியும். கனத்ததைக் கனத்ததோடும் மெல்லியதை மெல்லியதோடும் சேர்ப்பது நல்லது.

பழைய சட்டைகள் இதைவிட இணக்கமானவை. பெரிய அளவு முழுக்கைச் சட்டை ஒன்றில் முதுகு, இரு முன்பக்கம், இரு கைகள் எல்லாம் சேர்த்து முக்கால் சதுர மீட்டர் அளவுக்குத் தேறும். காலரையும் கைப்பட்டியையும் எறிந்துவிடலாம். பொத்தான் தனிச் சேமிப்பு. உடுப்பு நன்றாக இருக்கிறதா என்று வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தாலே போதும். இழைகள் விலகி வெளிச்சம் புள்ளிபுள்ளியாகத் தெரிகிற இடத்தில் துணியின் ஆயுள் முடிந்துவிட்டது. அதற்கு விலையே இல்லை என்றாலும் உங்கள் உழைப்பைக் கொட்டத் தகுதி இல்லை.

சாக்குகள்

இரண்டாவது கையிருப்பு மாவு, சர்க்கரை, தீவனம், உரம் வந்த பருத்திச் சாக்குகள். இது ஜீஸ் பெண்டுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்கக் கிராமங்கள் முழுக்கவே நடந்தது. சாக்கின் வாயும் ஓரமும் சங்கிலித் தையலில் இருக்கும். சரியான முனையைக் கண்டுபிடித்து இழுத்தால் மொத்தத் தையலும் ஒரே நூலாகக் கழன்று வந்துவிடும். அந்த நூலையும் சுற்றி வைத்துத் தைக்கப் பயன்படுத்தினார்கள். அச்சடித்த நிறுவனப் பெயரைப் போக்கப் பன்றிக்கொழுப்பு தடவியோ மண்ணெண்ணெயில் ஊறவைத்தோ, பிறகு கார சோப்பில் கொதிக்க வைத்தார்கள். போகாத எழுத்து போர்வையின் அடிப்பக்கத்துக்குப் போயிற்று. 1920-களிலிருந்து உற்பத்தியாளர்களே இதைக் கண்டுகொண்டு, கட்டம் போட்டும் பூப்போட்டும் சாக்குகளை விற்கத் தொடங்கினர். தீவனத்தின் தரத்தைவிடச் சாக்கின் பூவைப் பார்த்து வாங்கிய வீடுகளும் இருந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு காகிதப் பைகள் மலிவாக வந்து இந்த வழியை மெல்ல அடைத்தன.

நூறு பவுண்டு தீவனச் சாக்கைப் பிரித்தால் ஏறக்குறைய 36 அங்குலத்துக்கு 42 அங்குலம், அதாவது 91-க்கு 107 செ.மீ. துணி. நான்கை இணைத்தால் 180-க்கு 210 செ.மீ.க்குக் கிட்டத்தட்ட வரும். ஒரு கட்டில் போர்வையின் அடிப்பக்கம் அதில் முடிந்தது.

இந்த அடிப்பக்கக் கணக்கைத்தான் புதிதாகத் தைக்கிறவர்கள் மறந்துபோகிறார்கள். எல்லாக் கவனமும் மேல்பக்கத்து வண்ணத் துண்டுகளில். 150-க்கு 200 செ.மீ. போர்வையை எடுத்துக்கொள்வோம். மேல்பக்கம் 3 சதுர மீட்டர். அடித்துணி நான்கு பக்கமும் 10 செ.மீ. கூடுதலாக இருக்க வேண்டும் என்பதால் 170-க்கு 220, அதாவது 3.74 சதுர மீட்டர். ஓரப்பட்டி சுற்றளவு 7 மீட்டர், 6 செ.மீ. அகலத்தில் வெட்டினால் இன்னும் 0.42. ஆக, கண்ணுக்கே தெரியாத பக்கம்தான் அதிகத் துணியைக் கேட்கிறது. சிக்கனம் பிடிக்க வேண்டிய முதல் இடம் அதுவே. அகலமான பழைய படுக்கைவிரிப்பு ஒன்று இருந்தால் இணைப்பே இல்லாமல் அடித்துணி தயார். ஆனால் மிக நெருக்கமாக நெய்த விரிப்பில் கை ஊசி இறங்காமல் விரல் நோகும்; எந்திரத்தில் தைப்பவர்களுக்கு அந்தத் தொல்லை குறைவு. மென்மையான, பலமுறை துவைத்த விரிப்பு கைத்தையலுக்கு ஏற்றது.

சின்னத் துண்டு சிக்கனம் இல்லை

துண்டு எவ்வளவு சின்னதோ அவ்வளவு மிச்சம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. தையலுக்காகத் துண்டின் ஒவ்வொரு பக்கமும் 6 மி.மீ. விடுகிறோம். தைத்து முடித்தபின் 20 செ.மீ. சதுரமாக நிற்க வேண்டிய துண்டை 21.2 செ.மீ. வெட்ட வேண்டும், கூடுதல் துணி சுமார் 12 சதவீதம். 10 செ.மீ. சதுரத்துக்கு அது 25 சதவீதம். 5 செ.மீ. சதுரத்துக்கு 54 சதவீதம். அதாவது சின்னச் சதுரங்களால் ஆன போர்வையின் மடிப்புக்குள், இன்னொரு போர்வையின் மேல்பக்கத்துக்கு வேண்டிய துணியில் பாதிக்கு மேல் ஒளிந்து கிடக்கிறது. நூலும் நேரமும் வேறு. மிச்சம் விழுந்த துண்டு அந்த அளவிலேயே இருந்தால் சரி. நல்ல பெரிய துணியைச் சின்னதாக நறுக்குவது வீண்.

ஜீஸ் பெண்டில் மிகவும் விரும்பித் தைக்கப்பட்ட அமைப்புகளில் ஒன்று 'ஹவுஸ்டாப்'. நடுவில் ஒரு துண்டு. அதன் ஒரு பக்கத்தில் ஒரு பட்டை, அடுத்த பக்கத்தில் இன்னொன்று என்று சுற்றிச் சுற்றி வளர்ப்பது. ஒரே அகலத்தில் பட்டைகள் கிடைக்கவில்லையா, பரவாயில்லை. நீளம் போதவில்லையா, இரண்டை ஒட்டிக்கொள்ளலாம். சிவப்பு தீர்ந்ததா, அடுத்த சுற்று பழுப்பில் போகும். எத்தனை மீட்டர் வேண்டும் என்ற கேள்விக்கு முன்கூட்டியே விடை கேட்காத அமைப்பு இது. வெளியார் கண்ணுக்குத் துணிச்சலான கலைத் தீர்மானமாகத் தெரிகிற பல நிறமாற்றங்கள் துணி தீர்ந்த இடத்தில் நடந்திருக்கலாம். அதற்காகக் கலையின் மதிப்புக் குறைந்துவிடாது. தீர்ந்த இடத்தில் எந்தத் துண்டை எடுத்து வைப்பது என்று தேர்ந்தது அந்தக் கண்தானே.

ஒரே கைகள், இரண்டு முறைகள்

இந்த ஊரை ஆய்வுக்குத் தேர்ந்ததற்கு முக்கியமான காரணம் இனி வருவது. 1966-இல், கறுப்பின மக்களின் சமஉரிமைப் போராட்டத்தின் சூட்டில், பிரான்சிஸ் எக்ஸ். வால்டர் என்ற பாதிரியாரின் முன்முயற்சியில் ஜீஸ் பெண்ட் அடங்கிய வில்காக்ஸ் மாவட்டப் பெண்கள் 'ஃப்ரீடம் குயில்டிங் பீ' என்ற கூட்டுறவை அமைத்தார்கள். போர்வைகள் நியூயார்க்கில் ஏலம் போயின. பெரிய அங்காடிகளிலிருந்து ஆர்டர் வந்தது. அங்காடிக்கு வேண்டியது ஒரே மாதிரியான நூறு போர்வை. குறித்த வடிவம், குறித்த நிறம், புதுத்துணி, சீரான தையல். வடிவத்தை முதலில் வைத்துத் துணி வாங்கும் முறை இது. வருமானம் வந்தது, அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. அந்தக் காசு பல வீடுகளில் மின்சாரமாகவும் பள்ளிக் கட்டணமாகவும் மாறக்கூடிய காசு. ஆனால் அந்தப் போர்வைகளில் தைத்தவர் யார் என்று தெரியாது.

1972-இல் சியர்ஸ் என்ற அங்காடி நிறுவனம், வரிவரியாகப் புடைத்த தடித்த துணியான கார்டுராயில் தலையணை உறைகள் தைக்க ஒப்பந்தம் தந்தது. வேலை அலுப்பூட்டுவது, ஒரே உறை, மறுபடியும் மறுபடியும். ஆனால் வெட்டு மிச்சம் வீட்டுக்கு வந்தது. பொன்மஞ்சள், அவகாடோ பச்சை, ஆரஞ்சு, செர்ரிச் சிவப்பு என்று அந்தக் காலத்து நாகரிக நிறங்கள் எல்லாம் ஊர் முழுக்கப் பரவின. பகலில் அங்காடியின் அளவுக்குத் தைத்த அதே கைகள், வீட்டில் அந்தக் கழிவை வைத்து வேறொன்றைத் தைத்தன. கார்டுராய் பிடிவாதமான துணி. வரிகள் தடித்தவை, வெட்டிய ஓரம் உதிரும், வளைவுக்கும் சின்ன முனைக்கும் இசையாது. எனவே பெரிய சதுரங்கள், தடித்த பட்டைகள். வரியின் திசையைத் திருப்பி வைத்தால் ஒரே நிறம் ஒரு பக்கம் வெளிறியும் மறுபக்கம் அடர்ந்தும் தெரியும். ஒரே துணியிலிருந்து இரண்டு நிறம் எடுக்கும் இந்த வித்தைக்குக் காசே இல்லை. ஆனி மே யங் 1976-இல் தைத்த புகழ்பெற்ற போர்வையில் வெளுத்த டெனிம் சுற்றிலும், நடுவே கார்டுராய்ப் பட்டைகள் எரிகிற நிறத்திலும் நிற்கின்றன. வயல் உடுப்பும் ஆலைக்கழிவும் ஒரே போர்வையில்.

ஆட்கள் மாறவில்லை, திறன் மாறவில்லை, ஊசியும் மாறவில்லை. வாங்கிய துணி வந்தபோது வடிவம் வெளியிலிருந்து வந்தது; மிச்சத்துணி வந்தபோது துணியே வடிவத்தைச் சொன்னது.

இன்றைக்கு எடுத்துக்கொள்ளக்கூடியது

வறுமையை அழகாக்கும் ஆசையிலிருந்து முதலில் தப்பிக்க வேண்டும். அந்தப் பெண்களின் கணக்கில் உழைப்புக்கு விலை போடப்படவில்லை. இன்று நேரம் குறைவாக உள்ளவர், ஆறு சட்டையைப் பிரித்து, துவைத்து, தேய்த்து, வெட்டுவதைவிட மூன்று மீட்டர் புதுத்துணியை வாங்குவதே மலிவாக முடியலாம். அதில் வெட்கமில்லை. ஆனால் வாங்குகிறவருக்கும் வரிசை முக்கியம். தீர்ந்துபோகும் கட்பீஸ், தறியோர மிச்சம், தையல்காரரிடம் குவியும் துண்டு ஆகியவை வடிவம் முடிவாகாதவருக்கு மட்டுமே பயன்படும். "இதே நீலம்தான் வேண்டும்" என்றவருக்கு மிச்சக் கூடையில் ஒன்றும் கிடைக்காது.

பல இடத்துத் துணிகளை ஒன்றுசேர்க்கும் வழி நிறம் அல்ல, வெளிச்ச அளவு. துண்டுகளை அடர்ந்தவை, நடுத்தரம், வெளிறியவை என்று மூன்று குவியலாகப் பிரியுங்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்தாலும் போதும். இந்தக் குவியல்களை மாற்றி மாற்றி வைத்தால் பொருந்தாத பூக்களும் கட்டங்களும் ஒரே குடும்பமாக நிற்கும். வெளிறிய குவியல்தான் பெரும்பாலும் குறைவாக இருக்கும். புதுத்துணிக்குச் செலவழிக்கப் பணம் இருந்தால் அங்கே செலவழியுங்கள்: வெறும் வெளிர் நிறப் பருத்தி, ஒரே துணி, கொஞ்சம் தாராளமாக. மிச்சத்துணிகளை அது இணைத்துப் பிடிக்கும்.

எதனால் ஆனது என்று தெரியாத துணி வந்தால் ஓரத்தில் ஓர் இழையை எரித்துப் பாருங்கள், ஒரு தட்டின் மேல், பக்கத்தில் தண்ணீரோடு. பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கடினமான முத்தாகும். கலப்புத் துணி விலக்கப்பட்டதல்ல. ஆனால் மடித்துத் தேய்த்தால் மடிப்பு நிற்காது, அதிகச் சூட்டில் சுருங்கும். அடர்சிவப்பும் கருநீலமும் சாயம் விடுகிறதா என்று நனைந்த வெள்ளைத் துணியால் தேய்த்துச் சோதிக்காமல் வெளிறிய துண்டுக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. எல்லாவற்றையும் வெட்டுவதற்கு முன்பே துவைத்துவிடுங்கள். பழைய உடுப்பு சுருங்க வேண்டியது முன்பே சுருங்கிவிட்டது, புதுத்துணி இனிமேல்தான் சுருங்கும். துவைக்காமல் இரண்டையும் சேர்த்தால் முதல் சலவையிலேயே போர்வை கோணிக்கொள்ளும்.

இனி நடுப்பஞ்சு. ஜீஸ் பெண்டில் வயலில் எஞ்சிய பருத்தியையும், அரவை ஆலையில் தரையிலிருந்து கூட்டி எடுத்ததையும் குச்சியால் அடித்துப் பரப்பிக்கொண்டார்கள். அப்படிப் பரப்பிய பஞ்சு துவைக்கும்போது விலகி உருண்டுவிடும் என்பதால் தையலை நெருக்கமாகப் போட வேண்டும். இன்றைய வீட்டில் அதற்கு மாற்று, பழைய கம்பளியோ மெத்தென்ற ஃபிளானல் விரிப்போதான். நைந்துபோன போர்வையையே புதியதன் நடுவில் வைத்துத் தைக்கும் வழக்கமும் குயில்ட் தைப்பவர்களிடம் பழையது. பழைய குயில்ட்களின் கிழிசலுக்குள் இன்னொரு குயில்ட் தெரிவது இதனால்தான். கம்பளி என்றால் வெந்நீரில் துவைத்துச் சுருங்கவிட்ட பிறகு அளவெடுங்கள். பழைய போர்வை என்றால் அதன் தடித்த ஓரப்பட்டியை வெட்டி நீக்குங்கள். இல்லையென்றால் புதியதில் அந்த ஓரம் மேடாகத் தெரியும், ஊசியும் அங்கே உடையும்.